வண்டி ஸ்டீரியோவில் எழும் சீழ்க்கையொலி

கிராமங்களுக்குச் செல்லும் விரிவாக்க ஊழியர்கள் விதை நேர்த்தி, கால்நடைத் தடுப்பூசி முதலியவை பற்றிப் பதிவு செய்யப்பெற்ற உரைகளைக் கைபேசியிலோ சிறிய இசைக் கருவியிலோ கொண்டு செல்வதுண்டு. அக்கருவியின் ஒலி நாலைந்து பேருக்கு மேல் எட்டாது. வண்டியிலேயே ஸ்டீரியோவும் ஒலிபெருக்கிகளும் இருப்பதால், கதவுகளைத் திறந்து வைத்து அதன் வழியே உரையைக் கேட்கச் செய்வது எளிதென்று தோன்றும். ஆனால் கம்பியைச் செருகியதும் உரையோடு கூடவே மெல்லிய சீழ்க்கையொலி ஒன்றும் கேட்கின்றது. பாட்டரி இறங்கிவிடாதிருக்க என்ஜினை ஓடவிட்டிருக்கும்போது இது நிகழ்கின்றது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினால் சீழ்க்கையின் சுருதி ஏறுகின்றது, குறைத்தால் இறங்குகின்றது. ஸ்டீரியோ பழுதாகிவிட்டதென்று கருதி, நல்ல நிலையிலுள்ள பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு வாங்கிப் பொருத்துவோர் உளர். புதிய பெட்டியிலும் அதே சீழ்க்கை கேட்கும்போதுதான், குற்றம் பெட்டியினுடையதன்று என்பது புலனாகின்றது.

சுருதி என்ஜினின் வேகத்தைப் பின்பற்றுவதே முதல் தடயமாகும். வண்டியின் பாட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் ஆல்டர்னேட்டர் மும்முனை மாறுமின்னோட்டத்தை உண்டாக்குகின்றது. டயோடுகள் அதனை நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றன. அம்மாற்றம் முழுமையானதன்று. ஒவ்வொரு மின்சுழற்சிக்கும் ஆறு சிற்றலைகள் எஞ்சி நிற்கும். ஆறு இணை துருவங்களையுடைய ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள் எழும். என்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்றுக்கள் ஓட, ஆல்டர்னேட்டர் அதனைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், அது நிமிஷத்துக்கு 2,000 முறை சுழலும். கணக்கிட்டால் வினாடிக்கு 1,200 சிற்றலைகள் ஆகின்றன. இது காதுக்கு நன்கு கேட்கும் சுருதி. என்ஜினின் வேகம் இரட்டித்தால் இதுவும் 2,400 ஆகிவிடும்.

சிற்றலை பாட்டரிக் கம்பியில் இருப்பதில் வியப்பில்லை. அது இசைக் கம்பிக்குள் எவ்வாறு புகுந்தது என்பதே கேள்வி. மோட்டார் வண்டியில் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு கம்பிகள் இழுப்பதில்லை. ஒரு கம்பி மின்னோட்டத்தைக் கொண்டு செல்லும். திரும்பும் வழியாக வண்டியின் இரும்புடலே பயன்படும். இதனையே பூமி இணைப்பு என்பர். இரும்புடலின் தடை மிகச் சொற்பமெனினும் அறவே இல்லாததன்று. இரண்டு இடங்களுக்கிடையே தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றும், ஊடே செல்லும் மின்னோட்டம் 40 ஆம்பியர் என்றும் கொண்டால், அவ்விரு இடங்களின் மின்னழுத்தங்கள் 0.04 வோல்ட் வேறுபடும். இவ்வேற்றுமையில் இருபதில் ஒரு பங்கே சிற்றலை எனினும் அது 0.002 வோல்ட் ஆகும். இசைக் குறியோ ஏறத்தாழ 0.3 வோல்ட் அளவினதே. ஸ்டீரியோ இரண்டையும் ஒருங்கே பெருக்கிவிடுகின்றது.

கைபேசி தன் பாட்டரியைக் கொண்டு மட்டும் இயங்கும்போது அதற்குப் பூமி இணைப்பு ஒன்றேயாகும். அஃதாவது, இசைக் கம்பியின் வழியாக ஸ்டீரியோவின் பூமி. அதே கைபேசியை வண்டியிலுள்ள 12 வோல்ட் துளையின் சார்ஜரிலும் செருகினால் இரண்டாவது பூமி வந்து சேர்கின்றது. இரண்டு பூமிகளும் இசைக் கம்பியின் வழியே ஒரு வளையமாகி, மேற்கூறிய வேற்றுமை அவ்வளையத்தில் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது. ஆகையால் எதையும் வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை, சார்ஜரைப் பிடுங்கிப் பார்ப்பதே. சீழ்க்கை மறைந்தால் காரணம் அவ்வளையமே. இசைக் கம்பியையே பிடுங்கிய பின்னும் சீழ்க்கை நீடித்தால், ஸ்டீரியோவின் மின்வழங்கலையும் அதன் பூமி முளையில் ஏறியுள்ள துருவையும் பார்க்கவேண்டும். புறப்படுமுன் கைபேசிக்கு முழு மின்னேற்றம் செய்துகொள்வது செலவற்ற பரிகாரம்.

அது இயலாதவிடத்து, கிரவுண்ட் லூப் ஐசலேட்டர் என்று கடைகளில் விற்கப்படும் சிறு பெட்டியை இசைக் கம்பியின் இடையே பொருத்தலாம். அதனுள் இடதுக்கொன்றும் வலதுக்கொன்றுமாக இரண்டு சிறு மின்மாற்றிகளன்றி வேறில்லை. முதற்சுருளுக்கும் இரண்டாஞ்சுருளுக்கும் சம எண்ணிக்கையுள்ள சுற்றுக்கள். செம்பு செம்பைத் தொடுவதில்லை. இசை காந்தப்புலத்தின் வாயிலாகக் கடந்து செல்ல, பூமிகளின் இணைப்பு அறுபடுகின்றது. மலிவான பெட்டிகளில் கீழ்ச்சுருதி சிறிது மெலியும். பேச்சுரைக்கு அதனால் குறையில்லை.

மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. பழைய வண்டிகளில் காணும் மற்றோர் இணைப்பில் இத்தத்துவம் இன்னும் தெளிவாக விளங்கும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட சிறு காஸெட்டு, பின்னாளில் வண்டிகளின் ஸ்டீரியோக்களிலும் இடம்பெற்றது. நாடா ஓடும்போது அதன் காந்தப் பதிவுகள் ஸ்டீரியோவின் தலையிலுள்ள சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். காஸெட்டு இணைப்பானில் நாடாவே கிடையாது. நாடா இருக்கவேண்டிய இடத்தில், கைபேசியினின்று வரும் மின்னோட்டத்தால் காந்தமாகும் மற்றொரு தலை அமைந்துள்ளது. தலையும் தலையும் எதிரெதிரே நிற்க, நாடாவின்றியே இசை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றது. உள்ளிருக்கும் பற்சக்கரங்கள், நாடா ஓடுவதாகவே ஸ்டீரியோ நம்புமாறு சுழன்றுகொண்டிருக்கும். சில ஸ்டீரியோக்கள் ஏமாறாமல் காஸெட்டை வெளியே தள்ளிவிடுவதும் உண்டு.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். காகிதக் குழல்கள் இரண்டில் காப்பிட்ட செம்புக் கம்பியை நூறு சுற்றுக்களுக்குக் குறையாமல் தனித்தனியே சுற்றி, ஒன்றை 50 ஓம் அளவுள்ள தடையுடன் தொடராகக் கைபேசியின் காதொலித் துளையிலும், மற்றதைப் பள்ளி ஒலிபெருக்கியின் மைக் உள்வாயிலிலும் இணைக்கவேண்டும். சுருள்கள் நெருங்கினால் பாட்டுக் கேட்கும். இரண்டின் ஊடேயும் ஒரு கட்டு இரும்பாணிகளைச் செருகினால் ஒலி ஓங்கும்; ஒரு சுருளை மற்றதற்குக் குறுக்காகத் திருப்பினால் தேயும்.

கம்பியில்லா இணைப்புக்களைப் பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. எப்.எம். ஒலிபரப்பும் சிறு கருவிகள், 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் காலியாகவுள்ள இடத்தில் இயங்குவன. கிராமத்தில் தெளிவாகக் கேட்பது, நகரை நெருங்கியதும் வலிமைமிக்க நிலையத்தின் ஒலியில் அமிழ்ந்துபோகும். புளூடூத்தில் கம்பியே இல்லையாகையால் வளையமும் இல்லை. எனினும் 12 வோல்ட் துளையிலிருந்து மின்சாரம் பெற்று ஆக்ஸ் துளையில் செருகப்படும் புளூடூத் பெட்டி, துரத்தப்பட்ட வளையத்தைத் திரும்ப அழைத்து வந்துவிடும்!

ஆக்ஸ் துளை இல்லாத வண்டியில், ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பிகளை வெட்டி அங்கே கைபேசியை இணைக்கச் சிலர் முற்படுகின்றனர். இது ஒருபோதும் கூடாது. இக்காலத்து ஸ்டீரியோக்கள் பெரும்பாலானவற்றில் அவ்விரு கம்பிகளும் பாட்டரி அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியைத் தாங்கி நிற்பன. அவற்றில் எதுவும் பூமியன்று. ஒன்று இரும்புடலைத் தொட்டாலும் ஸ்டீரியோ பழுதுபடக்கூடும். கைபேசிக்கும் கேடு நேரும்.

முறையாக இணைத்த பின்னர், கைபேசியின் ஒலியளவை முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு, வேண்டிய ஓசையை ஸ்டீரியோவின் திருகில் பெறவேண்டும். கைபேசியில் ஒலியைக் குறைத்து ஸ்டீரியோவில் கூட்டினால் எஞ்சிய இரைச்சலும் சேர்ந்து பெருகும். கைபேசியில் முழுதும் கூட்டினாலோ பேசுவோரின் குரல் கரகரக்கும்.