டேங்கில் ஆயில் இருக்கு... ஆனாலும் செயின்சாவில் புகை வருவது ஏன்?

பெட்ரோல் தீர்ந்து மிஷின் நிற்கிறது. மறுபடி ஊற்றுவதற்காகக் கீழே வைத்து, பக்கத்தில் இருக்கும் ஆயில் மூடியையும் திறந்து பார்த்தால், காலையில் ஊற்றிய ஆயில் முக்கால் டேங்க் அப்படியே இருக்கிறது. ‘பரவாயில்லையே, ஆயில் மிச்சம்’ என்று சந்தோஷப்படுகிற இடம் இல்லை இது. செயின்சா வைத்திருப்பவர் பயப்பட வேண்டிய இடம்.

2016 டிசம்பரில் சென்னையை வர்தா புரட்டிப் போட்டபோதும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் டெல்டாவின் தென்னந்தோப்புகளை கஜா சாய்த்தபோதும், சாலையை மறித்துக் கிடந்த மரங்களை அகற்றக் கைகொடுத்தது இந்த மிஷின்தான். இப்போது வார இறுதியில் ஊருக்குப் போய்த் தோட்டம் பார்க்கும் ஐ.டி. ஊழியர்கள்கூட ஆன்லைனில் ஒன்றை ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். மிஷின் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதை எப்படிப் பராமரிப்பது என்கிற விஷயம்தான் கூடவே வருவதில்லை.

எதுக்கு ரெண்டு ஆயில்?

முதல் குழப்பமே இதுதான். “பெட்ரோல்லதான் டூ-டி ஆயில் கலந்தாச்சே, அப்புறம் எதுக்குண்ணே இன்னொரு ஆயில்?”

பெட்ரோலில் கலக்கும் ஆயில் இன்ஜினுக்கு உள்ளே பிஸ்டனுக்கானது. தனி டேங்கில் ஊற்றும் ஆயில், வெளியே சுற்றும் செயினுக்கானது. நீளமான தட்டையான இரும்புத் தகடு ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதல்லவா, அதன் பெயர் பார் (அந்த பார் இல்லை!). அதன் விளிம்பில் ஓடும் பள்ளத்துக்குள் செயினின் கீழ்ப்பற்கள் உட்கார்ந்து ஓடுகின்றன. முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். இரும்பும் இரும்பும் இந்த வேகத்தில் உரசும்போது நடுவில் ஆயில் இல்லை என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆயில் போகும் பாதை ரொம்ப எளிமையானது. டேங்குக்குள் ஒரு சின்ன ஃபில்டர், அதிலிருந்து டியூப், அடுத்து பம்ப். பம்பிலிருந்து வரும் ஆயில், பாரின் அடிப்பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பள்ளத்துக்குள் இறங்கும். ஓடும் செயின் அதை பாரின் மூக்குவரை இழுத்துக்கொண்டு போகும். பெரும்பாலான மாடல்களில் செயின் சுற்றினால்தான் பம்பும் சுற்றும். அதனால் மிஷின் ஐடிலில் ஓடும்போது ஆயில் வரவில்லையே என்று பதற வேண்டாம்.

ஒரு அட்டை போதும்

ஆயில் வருகிறதா இல்லையா என்று பார்க்க மெக்கானிக் வேண்டியதில்லை. வெளிர் நிற அட்டையையோ, புதிதாக அறுத்த மரத்தின் வெட்டு முகத்தையோ எதிரே வைத்துக்கொண்டு, பாரின் நுனியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சில நொடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் போதும். அட்டையில் மெல்லிய ஆயில் கோடு விழுந்தால் சரி. செயின் எதிலும் படக்கூடாது, மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும் கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. பொதுவாக ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் கிட்டத்தட்ட காலியாகி, அடியில் கொஞ்சம் மட்டும் மிச்சம் இருக்க வேண்டும். அப்படித்தான் இரண்டு டேங்குகளின் அளவையும் வைத்திருக்கிறார்கள். முக்கால் டேங்க் மிச்சம் இருக்கிறது என்றால் எங்கேயோ அடைப்பு.

ஆனால் ஒன்று: புகை வந்தாலே ஆயில் பிரச்சினை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செயின் மழுங்கியிருந்தாலும் புகை வரும். மரத்தூளைப் பாருங்கள். சின்னச் சின்னச் சீவல்களாக விழுந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவு மாதிரி பொடியாக விழுந்தால் அரம் போட வேண்டிய நேரம். மழுங்கிய செயினை வைத்துக்கொண்டு எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் புகை நிற்காது.

பத்தில் எட்டு முறை குப்பைதான் என்பார்கள்

பம்ப் போச்சு என்று கடைக்கு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியது சுத்தம். மிஷினை ஆஃப் செய்து, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியை. கையில் கிளவுஸ் கட்டாயம். சைடு கவரைக் கழற்றும் முன் செயின் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். சில மாடல்களில் பிரேக் கவரிலேயே இருக்கும். பிரேக் போட்ட நிலையில் கழற்றினால் திரும்ப மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

உள்ளே என்ன இருக்கும்? ஆயிலும் மரத்தூளும் கலந்து களிமண் மாதிரி ஒரு கறுப்புப் பசை. தென்னை அறுத்த மிஷின் என்றால் இன்னும் மோசம். தென்னையின் நார் கவருக்குள் பஞ்சு அடைத்த மாதிரி அடைத்துக்கொள்ளும். வர வேண்டிய ஆயிலையும் அதுவே உறிஞ்சிவிடும்.

பாரைத் தனியாக எடுத்து, பழைய ஆக்சா பிளேடை பள்ளத்துக்குள் விட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தால் பசை சுருள் சுருளாக வெளியே வரும். அடுத்து, அடிப்பகுதியில் இருக்கும் ஆயில் ஓட்டை. பென்சில் முனை அளவுதான் இருக்கும், கண்ணில் படாமலே போய்விடும். கட்டுக்கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள். மிஷின் பக்கம் ஆயில் வெளியேறும் வாயையும் துடைத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது பாரைத் தலைகீழாகப் புரட்டி மாட்டினால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். பெரும்பாலான மிஷின்களுக்கு இதுவே போதும்.

அதற்குப் பிறகும் அட்டையில் கோடு விழவில்லையா? ஆயில் எடுக்க எடுக்க டேங்குக்குள் காற்று போக ஒரு வழி வேண்டும். அந்த வென்ட் அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஆயில் வராது. மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் காரணம் அதுதான். இல்லையென்றால் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரைக் கொக்கிக் கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள். சில மிஷின்களின் அடியில் ஆயில் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ இருக்கும். நீளமான பாருக்கும் கடினமான மரத்துக்கும் அதைக் கூட்டி வைக்க வேண்டும். கம்பெனி பாரைக் கழற்றிவிட்டு விலை குறைந்த வேறு பாரை மாட்டியவர்கள், ஓட்டை இரண்டும் நேர்கோட்டில் சேருகிறதா என்று கவனிக்க வேண்டும். சேரவில்லை என்றால் ஆயில் பாருக்குப் போகாமல் கீழே ஒழுகும். இவ்வளவும் சரியாக இருந்தால் டியூப் வெடித்திருக்கலாம், பம்பைச் சுற்றும் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம்

பைக் சர்வீஸில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுகிறவர்கள் ஏராளம். இலவசமாகக் கிடைக்கிறது, தூக்கி எறியப் போகிற செயின்தானே என்ற நினைப்பு. அந்த ஆயிலில் இரும்புத் துகளும் கசடும் கலந்திருக்கும். ஃபில்டரை அடைக்கும், பம்பைத் தேய்க்கும். அதைவிட முக்கியம், செயினில் ஊற்றும் ஆயில் திரும்ப டேங்குக்குப் போவதில்லை. அத்தனையும் காற்றில் தெறித்து மரத்தில், மண்ணில், அறுப்பவரின் கையில் படுகிறது. பயன்படுத்திய இன்ஜின் ஆயில் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் தோல் புற்றுநோய் வரலாம் என்று செயின்சா தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். மிஷினுக்குச் சொந்தக்காரருக்கு இதில் மிச்சமாவது சில நூறு ரூபாய். தினமும் அதில் நனைவது கூலிக்கு அறுக்க வருகிறவரின் கை.

செயின் ஆயில் என்று கேட்டு வாங்குவதே நல்லது. வேகத்தில் தெறித்துப் போகாமல் ஒட்டிக்கொள்வதற்கான பிசுபிசுப்பு அதில் சேர்க்கப்பட்டிருக்கும். அவசரத்துக்குக் கொஞ்ச நேரம் புது இன்ஜின் ஆயிலில் ஓட்டலாம். ‘இயற்கையா இருக்கட்டும்’ என்று தேங்காய் எண்ணெய் ஊற்றும் யோசனை இருந்தால், கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அது டேங்குக்குள்ளேயே உறைந்துவிடும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும் என்பது குளிக்கப் போகும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

செயின் அடிக்கடி லூஸ் ஆகுதா?

ஆயில் இல்லாமல் ஓடும் செயின் சூடாகி நீளும், பாரிலிருந்து தொங்கும். ‘லூஸ் ஆயிடுச்சு’ என்று டைட் வைப்பார்கள். மறுபடி தொங்கும், மறுபடி டைட். சாயங்காலம் வேலை முடிந்து மிஷின் ஆறும்போது செயின் சுருங்கி பாரை இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கத்தில் கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கும் அடி வாங்கும். பாரின் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தால் இந்தச் சூட்டுக்கு அதுவே சாட்சி. செயின் அறுந்தால் செலவோடு முடியாது, அறுந்த முனை ஆள் பக்கமே வீசும்.

ஆன்லைனில் வாங்கிய ஆறு அங்குல மினி பேட்டரி செயின்சாக்களில் பலவற்றில் ஆயில் டேங்கே கிடையாது. சில நிமிட வேலைக்கு ஒருமுறை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, செயின் மேல் நாமே சொட்டு சொட்டாக விட வேண்டும். டேங்க் உள்ள மாடல்களிலும் புதிதாக வரும் மிஷினில் பெரும்பாலும் ஆயில் இருக்காது. பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைப் பாருங்கள். பிறகு, இரவு வைத்த இடத்தில் காலையில் கொஞ்சம் ஆயில் கசிந்திருந்தால் மிஷினைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பாரிலும் பள்ளத்திலும் தங்கிய ஆயில் வடிவது சகஜம். அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள்.