காற்றைப் பார்த்துக் களிற்றை நெருங்கியவர்

தல்லாகுளத்தில் இன்று காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்கும் தமுக்கம் மாளிகை, நாயக்கர் ஆட்சியில் யானைப் போர் முதலிய வினோதங்களைக் கண்டு களிப்பதற்காக அரச குடும்பத்தார் வீற்றிருந்த இடம் என்பது மதுரைவாசிகள் ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்து வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மாடத்தில் ராணியும் மைதானத்தில் களிறுமாக அமைந்த அந்த ஏற்பாட்டில் பார்ப்பவருக்கு யாதோர் அபாயமும் இல்லை; ஆனால் அங்கே காண்பது பாகனின் அங்குசத்துக்கு அடங்கியும் அடங்காமலும் திமிறுகிற யானையையே ஒழிய, தன் இஷ்டம்போல் மூங்கிலை வளைத்து ஒடித்துத் தின்றுகொண்டிருக்கும் காட்டு யானையை அன்று. பின்னதை, அதன் இமைமயிர் புலப்படும் தூரத்துக்குப் போய், அதன் ஏகாந்தத்துக்குப் பங்கம் நேராமல் படம் எடுப்பதையே ஆயுளின் பிரதான காரியமாகக் கொண்டிருந்த ஒரு தமிழரைப் பற்றி இந்த வாரம் எழுத எண்ணுகிறேன்.

‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் புதல்வராக 1912-இல் பிறந்தவர் மா. கிருஷ்ணன். சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று, தாவர சாஸ்திரத்தில் ஈடுபாடு கொண்டு, பிறகு பல்லாரிப் பக்கத்துச் சந்தூர் சமஸ்தானத்தில் உபாத்தியாயராகவும், நீதிபதியாகவும், விளம்பர அதிகாரியாகவும், மகாராஜாவின் அரசியல் காரியதரிசியாகவும் இருந்தார் என்றால், சிறிய சமஸ்தானங்களில் படித்த மனிதர் ஒருவர் அகப்பட்டுவிட்டால் என்னென்ன வேலை வாங்குவார்கள் என்பது விளங்கும். 1949-இல் சமஸ்தானம் இந்திய யூனியனில் கலந்துவிடவே சென்னைக்குத் திரும்பிய அவர், பிறகு யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை. பேனாவையும் காமிராவையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950-இல் தொடங்கிய அவருடைய இயற்கைக் குறிப்புகள், அவர் காலமான 1996 வரை, நாற்பத்தாறு வருஷ காலம் வெளிவந்தன.

அவருடைய காமிரா ஒரு வேடிக்கையான வஸ்து. உடல் ஒரு கம்பெனியினுடையது, கண்ணாடி வேறொரு கம்பெனியினுடையது, இடைப்பட்ட பாகங்கள் அவரே செய்து பொருத்தியவை. கனத்துக்குப் பேர்போன அந்தக் கதம்பத்துக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று நாமகரணமும் செய்திருந்தார். வர்ணப் படத்தில் அவருக்கு மோகம் இல்லை. கறுப்பு வெளுப்பில், கன்னத்துச் சுரப்பியிலிருந்து வழிந்து காய்ந்த மதநீரின் கறையும், காதின் ஓரத்துக் கிழிசலும், தோலின் சுருக்கத்தில் அப்பிய சேறும் கண்ணை உறுத்தும்படி துலங்கும். இன்ன யானைதான் இது என்று பிற்பாடு அடையாளம் காண்பதற்கு அத்தகைய சில்லறைத் தடயங்களைவிட உதவுவது வேறில்லை.

காமிராவை இவ்வளவு தூரம் வர்ணித்தாலும், கிட்டத்தில் போய்ப் படம் எடுக்கும் வித்தையில் முதலிடம் அதற்கன்று, காற்றுக்கே என்பது என் அபிப்பிராயம். யானைக்குப் பார்வை மந்தம், மோப்பமோ அபாரம். ஒரு பிடி புழுதியைத் தூவி, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காட்டு வழிகாட்டிகள் அடுத்த அடி வைப்பார்கள். காற்று யானையிடமிருந்து நம்மை நோக்கி வீசும்வரையில் புதர் மறைவில் நிற்கலாம், அது திரும்பிவிட்டால் துதிக்கை மேலே உயர்ந்து நம் பக்கம் வளைவதைக் காணலாம். காதை விரித்துப் பிளிறிக்கொண்டு ஓடிவருவது பெரும்பாலும் மிரட்டலாகவே முடியும். துதிக்கையைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டு சத்தமின்றி வருவதே ஆபத்து.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. முதுமலை போன்ற இடங்களில் பழக்கிய யானையின் முதுகில் ஏறிப் போனால், மனித வாடை யானை வாடையில் அமுங்கிப்போகிறது. காட்டு மிருகங்களும் அவ்வளவாக மருள்வதில்லை. கிருஷ்ணன் எடுத்த படங்களில் பல இப்படிச் சவாரி யானையின் மேலிருந்து எடுத்தவை. கேட்பதற்குச் சுகமாக இருக்கிறதேயன்றி, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும் கஷ்டம். சும்மா நிற்கும் யானையும் சும்மா நிற்பதில்லை. மூச்சு விடும்போது முதுகு ஏறி இறங்கும். காதை விசிறும்போது உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் வரையில் அதிர்ச்சி வரும். ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டால் எதிரே இருக்கும் காட்சியே சாய்ந்து நிமிரும். பிலிமோ அந்நாளில் வேகம் குறைந்தது. காட்டுக்குள் வெளிச்சமும் சொற்பம். பாகன் காதோரம் காலால் சமிக்ஞை செய்து யானையை அசையாமல் நிறுத்துகிற அந்த ஓரிரு நொடிக்குள் பொத்தானை அமுக்கிவிட வேண்டும். படத்தின் அடியில் போடும் பெயர் ஒருவருடையதாயினும் அதில் பாகனுக்குப் பாதிப் பங்கு உண்டென்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

காற்றைப் பார்த்து நெருங்கும் இந்த நியாயம், யானை இல்லாத வடதுருவக் கடலிலும் செல்லுபடியாகிறது என்பது ஆச்சரியம். அங்கே தந்தமுள்ள பிராணி வால்ரஸ். யானையின் தந்தம் வெட்டுப்பல், இதனுடையது கோரைப்பல் என்பது மட்டும் வித்தியாசம். இதற்கும் கண் மந்தம், மூக்கு கூர்மை. நம் தேசத்தின் ‘ஹிமாத்ரி’ ஆராய்ச்சி நிலையம் 2008 முதல் இயங்கிவரும் ஸ்வால்பார்டு தீவுகளில், தந்தத்துக்காகவும் கொழுப்புக்காகவும் ஏறத்தாழ நிர்மூலமாக்கப்பட்டுவிட்ட வால்ரஸ்களை நார்வே அரசாங்கம் 1952-இல் சட்டமிட்டுக் காத்தது. இன்று அவை கரையேறி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்குவதைப் படம் எடுக்கப் போகிறவர்கள், காற்று தங்கள் முகத்தில் அடிக்கும் திசையாகப் பார்த்து, உடலைத் தாழ்த்தி, மெல்ல நகர்ந்து போகிறார்கள்.

ஆயினும் அபாயம் யாருக்கு என்பதில் இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. யானையிடம் தவறு செய்தால் தவறு செய்தவனே அனுபவிப்பான். வால்ரஸ் மந்தையில் ஒன்று மருண்டு கடலை நோக்கிப் பாய்ந்தால் எல்லாம் பாயும். டன் கணக்கான அந்தப் பாரத்தின் கீழ் நசுங்குவது குட்டிகள். கடல்மேல் மிதக்கும் பனிக்கட்டி குறைந்து, ஓய்வுகொள்ள இடமில்லாமல், 2014-ஆம் வருஷம் செப்டம்பரில் அலாஸ்காவின் பாயிண்ட் லே கிராமத்தருகே ஏறக்குறைய 35,000 வால்ரஸ்கள் ஒரே கரையில் ஒதுங்கியபோது, அவை மருண்டுவிடக் கூடாதென்று ஆகாய விமானங்களையே விலகிப் பறக்கச் சொன்னார்கள்.

கிருஷ்ணனிடம் திரும்புவோம். 1968-இல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு உபகாரச் சம்பளத்தைக் கொண்டு, தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் காடு காடாகச் சென்று ஆராய்ந்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. அந்த ஆராய்ச்சியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் நூலாக வெளியிட்டிருக்கிறது. அழகுக்காகப் புரட்டுகிறவர்களுக்கு அதிலுள்ள சில படங்கள் ஏமாற்றம் அளிக்கலாம். விலங்கு எதைத் தின்றது, யாரோடு நின்றது, எப்படி நின்றது என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொன்றும் பதில் சொல்லும்.

ஆங்கிலத்தில் எழுதிய அளவு அவர் தமிழில் எழுதவில்லை என்ற குறை எனக்கு உண்டு. பெரியசாமித் தூரனின் கலைக்களஞ்சியத்துக்கு அவர் எழுதிய கட்டுரைகளும், தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலும் அந்தக் குறையை ஒருவாறு போக்குகின்றன. கட்டுரைகளுக்காக அவரே தீட்டிய கோட்டுச் சித்திரங்களையும் சேர்த்து அவற்றை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)