கிறிஸ்மஸ் ட்ரீயா, துஜாவா... உங்க வீட்டு வாசலுக்கு எது செட் ஆகும்?

டிசம்பர் நெருங்கும்போது நர்சரிப் பக்கம் போனீங்கன்னா, ரெண்டு செடிகள் கட்டாயம் கண்ணில் படும். ஒன்று, சின்னச் சின்னக் குடைகளை அடுக்கடுக்காக விரித்து வைத்ததுபோல நிற்கும். அதுதான் 'கிறிஸ்மஸ் ட்ரீ' என்று விற்கப்படும் அரக்கேரியா. இன்னொன்று, கீழே அகலமாகவும் மேலே கூராகவும் பச்சைச் சுடர் மாதிரி நிற்கும். அது துஜா. வட மாநிலங்களில் அதற்கு 'மோர்பங்கி' என்று பெயர். மயிலிறகு என்று அர்த்தம்.

ரெண்டுமே வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். ரெண்டுமே தொட்டியில் பார்க்க அழகு. 'எதுவா இருந்தா என்ன, ஒண்ணை எடுத்துட்டுப் போவோம்'னுதான் தோணும். அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்குது.

தாம்பரம் பக்கம் இருக்கும் என் சித்தப்பா வீட்டுக் கதையைக் கேளுங்க. பையன் பிறந்த வருஷம், ஆசையாக ஒரு அரக்கேரியா வாங்கி, காம்பவுண்டு சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நட்டார். அப்போது அது இடுப்பு உயரம்கூட இல்லை. பையன் பத்தாவது பரீட்சை எழுதும்போது, மரம் ரெண்டாவது மாடியைத் தாண்டி மின்கம்பியைத் தொட்டுவிட்டது. கம்பியில் உரசுதுன்னு நுனியை வெட்டினார்கள். பையனோடு சேர்ந்து வளர்ந்த மரம், இப்போது தலையில்லாமல் நிற்கிறது.

தப்பு மரத்துமேல இல்லை. நட்ட இடத்துமேலதான். அதனால், வாங்குவதற்கு முன் இந்த ரெண்டு பேரோட ஜாதகத்தையும் பார்த்துடலாம்.

ரெண்டுமே பைன் கிடையாது!

அரக்கேரியாவை 'நார்ஃபோக் தீவு பைன்' என்று சொல்வார்கள். பெயரில்தான் பைன். உண்மையில் அது அரக்கேரியா என்ற தனிக் குடும்பம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கும் குட்டித் தீவான நார்ஃபோக்தான் அதன் சொந்த ஊர். அந்தத் தீவின் கொடியின் நடுவிலேயே இந்த மரம்தான் இருக்கிறது. 1774-ல் அந்தத் தீவுக்கு வந்த கேப்டன் குக், நெட்டுக்குத்தாக நின்ற இந்த மரங்களைப் பார்த்து, 'கப்பல் பாய்மரக் கம்பத்துக்கு சூப்பர்' என்று நினைத்தார். பின்னால் வெட்டிப் பார்த்தபோது, அந்த வேலைக்கு அது சரிப்பட்டு வரவில்லை.

இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. நியூ கலிடோனியாவைச் சேர்ந்த 'குக் பைன்'. சின்ன வயதில் ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதால், ஒன்றின் பெயரில் இன்னொன்று விற்கப்படுவது சகஜம். குக் பைனுக்கு ஒரு விசித்திரப் பழக்கம்: உலகில் எங்கே நட்டாலும், பூமத்திய ரேகை இருக்கும் திசையைப் பார்த்துச் சாயும். ஐந்து கண்டங்களில் உள்ள மரங்களை அளந்து பார்த்து 2017-ல் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள். உங்க வீட்டு 'கிறிஸ்மஸ் ட்ரீ' லேசாகத் தெற்கே சாய்ந்தால் பயப்படாதீங்க, அது குக் பைனாக இருக்கலாம்.

துஜா, சைப்ரஸ் குடும்பம். நம்மூர் நர்சரிகளில் அதிகம் கிடைப்பது சீனா, கொரியா பகுதிகளைச் சேர்ந்த கீழை நாட்டு துஜா. பெய்ஜிங் நகரத்தின் அதிகாரபூர்வ மரங்களில் இதுவும் ஒன்று. அங்கே பழைய கோயில் வளாகங்களில் பல நூறு வயது துஜாக்கள் இன்னமும் நிற்கின்றன. அதாவது, இது மெதுவாக வளர்ந்து ரொம்பக் காலம் வாழும் ரகம்.

உயரம்தான் முதல் கேள்வி

அரக்கேரியா அதன் சொந்த ஊரில் 50 மீட்டருக்கு மேல் வளரும். ஏறக்குறைய பதினைந்து மாடிக் கட்டடம்! நம்மூர்த் தோட்டத்தில் அவ்வளவு போகாவிட்டாலும், தரையில் நட்டால் வீட்டைவிட உயரமாகப் போவது நிச்சயம். பெங்களூரு லால்பாக்கில் நிற்கும் அரக்கேரியாவை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால், கட்டடம், மின்கம்பி, செப்டிக் டேங்க் எல்லாவற்றிலிருந்தும் 20, 25 அடியாவது தள்ளி இடம் இருந்தால் மட்டும் தரையில் நடுங்க.

துஜா இயற்கையில் 15 மீட்டர் வரைகூடப் போகும். ஆனால், வேகம் ரொம்பக் குறைவு. கத்தரித்து விட்டால் எட்டு, பத்து அடியிலேயே அடங்கி நிற்கும். சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி நட்டால் போதும். வேலியாக வேண்டுமென்றால், செடிக்குச் செடி இரண்டரை முதல் மூன்றடி இடைவெளி விட்டு வரிசையாக நடலாம்.

கத்தரியை எடுக்கும் முன்...

இதுதான் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம்.

அரக்கேரியாவுக்கு நடுத்தண்டு ஒன்றுதான் உயிர்நாடி. அதன் நுனியை வெட்டினால், அந்த அடுக்கடுக்கான குடை வடிவம் திரும்ப வராது. வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ரெண்டு மூன்று நுனிகள் கிளம்பி, ஒன்றோடொன்று போட்டி போடும். கீழ்க்கிளை காய்ந்து விழுந்தாலும், அந்த இடத்தில் புதுக்கிளை வராது. இன்னொரு விஷயம், பக்கக் கிளையை ஒடித்து நட்டு புதுச்செடி உருவாக்கலாம்னு நினைக்காதீங்க. அது வேர் விட்டாலும், மேலே வளராமல் கிளை மாதிரியே படுக்கைவாட்டில்தான் போகும். விதையிலிருந்து வந்த கன்றுதான் சரி.

துஜா நேரெதிர். கத்தரிக்கு அஞ்சாது. வருஷத்துக்கு ரெண்டு முறை லேசாக ஓரம் வெட்டினால், அடர்த்தியாகும். ஒரே ஒரு நிபந்தனை: பச்சை இலை இருக்கும் பகுதியில் மட்டும் வெட்டணும். உள்ளே இருக்கும் பழுப்புக் கட்டை வரைக்கும் வெட்டிட்டா, அங்கே திரும்பத் துளிர்க்காது, ஓட்டை விழுந்தது விழுந்ததுதான். மற்றபடி, உட்பக்க இலைகள் காய்ந்து பழுப்பாவது இயல்பு. கையால் உதிர்த்து விட்டால், உள்ளே காற்றோட்டம் கிடைக்கும்.

வெயில், தண்ணீர்: யாருக்கு எவ்வளவு?

துஜாவுக்கு நேரடி வெயில் வேணும். தினமும் குறைந்தது நான்கைந்து மணி நேரம். நிழலில் வைத்தால் ஒல்லியாகி, அடர்த்தி போய்விடும். ஹாலுக்குள் வைத்து அழகு பார்க்கும் ஆசை இருந்தால், ரெண்டு நாளோடு நிறுத்திக்கோங்க.

அரக்கேரியா, வெளிச்சமான ஜன்னல் ஓரத்தில் தொட்டியிலேயே பல வருஷம் இருக்கும். ஒரே பக்கம் சாயாமல் இருக்க, வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைக்கணும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற குளிர்ந்த ஊர்கள் அதற்குச் சொர்க்கம். சென்னை, மதுரை மாடிகளில் வளர்ப்பவர்கள், ஏப்ரல், மே மாத உச்சிவெயிலில் நிழல்வலைக்குக் கீழே மாற்றிவிடுங்க. அதேசமயம் உப்புக்காற்றைத் தாங்குவதில் இது கில்லாடி. கடற்கரை ஓரம் விசாலமான இடம் வைத்திருப்பவர்கள் தைரியமாக நடலாம்.

தண்ணீர் விஷயத்தில் ரெண்டுக்கும் ஒரே விதி. மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்க. ஈரமாக இருந்தால் விட்டுடுங்க, காய்ந்திருந்தால் ஊத்துங்க. இந்தச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தண்ணீர் தேங்கி வேரழுகிச் சாவதுதான் அதிகம். தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம் இருக்கணும். செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் தண்ணீர் நன்றாக வடியும். ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

கோடையில் துஜா இலை மங்கி, நுண்ணிய வலை தெரிந்தால் அது சிலந்திப்பேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலைகளைக் கழுவுங்க. அரக்கேரியாவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை

'துஜா' என்ற பெயரில் மருக்களுக்கு மருந்து விற்பதைப் பார்த்திருப்பீங்க. அது தயாராவது வட அமெரிக்காவின் வேறொரு துஜாவிலிருந்து. வீட்டுச் செடியின் இலையைப் பறித்துக் கஷாயம் போடுவது, அரைத்துப் பூசுவது எல்லாம் வேண்டாம். துஜா இலைகளில் இருக்கும் 'துஜோன்' என்ற பொருள், அதிகம் உள்ளே போனால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். குழந்தைகளும் நாய், பூனைகளும் இருக்கும் வீட்டில், கடிக்காமல் பார்த்துக்கோங்க.

அப்போ யாருக்கு எது?

* வாடகை வீடு, அப்பார்ட்மென்ட், வெளிச்சமான ஜன்னல் உண்டு: தொட்டியில் அரக்கேரியா.
* வெயில் கொட்டும் பால்கனி அல்லது மொட்டைமாடி: பெரிய தொட்டியில் துஜா.
* ஒரு கிரவுண்டுக்குள் தனி வீடு, வாசலில் கொஞ்சம் மண்: துஜா.
* ஊரில் தோட்டம், சுற்றிலும் காலி இடம்: தரையில் அரக்கேரியா. உங்க பேரப்பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பாங்க.

வாங்கும்போது, நடுத்தண்டு ஒன்றாக, நேராக இருக்கிறதா என்று பாருங்க. அடர்த்தியாகத் தெரியணும்னு ஒரே தொட்டியில் மூன்று நான்கு அரக்கேரியா கன்றுகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். தரையில் நடுவதாக இருந்தால், ஒற்றைக் கன்றாகக் கேட்டு வாங்குங்க.

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வெட்டுப்பட்ட நுனியில் மூன்று புதுத்துளிர்கள், மூன்று திசையில் வளைந்து நின்றன. "முழுசா எடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. மனசு வரல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அன்னைக்கு நர்சரியில நான் செடியைத்தான் பார்த்தேன். மரத்தைப் பார்க்கல."