கல் நடாத சுடுகாட்டில் பெயர் தேடுவது எப்படி?

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டச் சுடுகாடு ஒன்றுக்குப் போனால், இது சுடுகாடுதானா என்றே முதலில் சந்தேகம் வரும். மதில் இல்லை. பெயர் வெட்டிய கல் அபூர்வம். புல் மூடிய மேடுகள், தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி, மழையில் வெளுத்த காகித மாலை. "எழுதி வைக்காத சனம், வரலாறு எங்கே கிடைக்கும்?" என்று படித்தவர்களே சொல்லிவிடுகிறார்கள். அது சரிதானா என்று பார்ப்போம்.

கல் வைத்தவர்களுக்கு என்ன நடந்தது? ஜே. பென்றி லூயிஸ் என்ற அதிகாரி இலங்கையின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913இல் புத்தகமாக்கினார். பெரும்பாலும் ஐரோப்பியரின் பெயர்கள். அவர்களுக்குக் கல் வெட்டக் காசும், கல் நிற்க இடமும் இருந்தன.

நம் ஆட்களுக்கு அந்த இடம்தான் இல்லை. தோட்டக் காணி முதலில் கம்பனிகளுடையது. 1975இல் அரசு எடுத்தது. 1992க்குப் பின் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. நான்கு தலைமுறை புதைத்த மண்ணும் யாருடையதோ. வாடகை வீட்டு முற்றத்தில் யார் மாமரம் நடுவார்? மதில் கட்டப் பிரதேச சபையைக் கேட்கலாம் என்றால், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவாவதற்குத் தடையாக நின்றது. அதைத் திருத்த 2018 வரை ஆனது. இவ்வளவுக்கும் பிறகு அக்கறையில்லாத சனம் என்று சொல்வது அநியாயம்.

எழுத்தே இல்லை என்பதும் தவறு. எழுத்து மண்ணில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. தோட்டத்தில் ஒருவர் இறந்தால் துரை, அதாவது தோட்ட நிர்வாகி, மாவட்டப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். இலங்கையின் இறப்புப் பதிவில் பொதுவாக வயது, தொழில், பெற்றோர் பெயர், மரணக் காரணம், இவற்றோடு அடக்கம் செய்த இடமும் இருக்கும். எந்தச் சுடுகாடு என்பதைக் கல்லைவிடத் தெளிவாகச் சொல்லும் தாள் அது.

அதன் அருமையை 1934–35 மலேரியா காட்டும். மலேரியா மழையோடு வரும் என்றுதானே நினைப்போம்? இங்கே மழை பொய்த்து, ஆறு வற்றி, மணலில் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. ருவான்வெல்லை இருக்கும் கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. தீவு முழுவதும் இறந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். அப்போது களனிப் பள்ளத்தாக்கில் நிவாரண வேலை செய்த என். எம். பெரேராவைத்தான் 1936இல் ருவான்வெல்லைத் தொகுதி அரசாங்க சபைக்கு அனுப்பியது. அந்தச் சாவுகளைப் பின்னாளில் கணக்கிட முடிந்ததும் இறப்புப் பதிவுகளால்தான்.

உங்கள் பூட்டனைத் தேடுகிறீர்களா? தோட்டத்தின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பாருங்கள். பெயர் எழுதியவரின் காதில் விழுந்தபடி இருக்கும்; மாரியாயி கிடைக்காவிட்டால் மாரியாய், மாரி என்றும் தேடுங்கள். ஆண்டு தெரியாதா? லயத்துப் பாட்டிமாரைக் கேளுங்கள். எந்தத் துரை இருந்தபோது செத்தார் என்று அவர்கள் சொல்வார்கள். அதை வைத்து ஆண்டைப் பிடித்துவிடலாம்.