ஓடி ஓய்ந்த கால்களுக்கு ஓர் அடைக்கலம்

லண்டன் கடைத்தெருக்களில் பந்தயக் கடை இல்லாத தெரு அரிது. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அங்கு நுழைந்து, சம்பளத்தின் ஒரு பகுதியைத் தொலைத்துவிட்டு வெளியே வரும் எம்மவரையும் நாம் அறிவோம். அவர்கள் கண்ணிமைக்காது பார்த்திருக்கும் திரையிலே குதிரைகள் ஓடுகின்றன. முதலில் வந்த குதிரையின் பெயர் கடை முழுவதும் ஒலிக்கின்றது. கடைசியில் வந்ததன் பெயரை எவரும் கேட்பதில்லை. ஓட்டம் நின்றபின் அது எங்கே போகின்றது என்றும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே களத்தில் இறக்கப்படுவதுண்டு. பெரும்பாலானவை பத்து வயதை எட்டுமுன்னரே களத்தை விட்டு நீங்குகின்றன. ஆனால் குதிரையின் ஆயுளோ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள். உழைத்துக் கொடுக்கும் காலம் குறுகியது. தீனி போட்டுப் பராமரிக்க வேண்டிய காலம் நீண்டது. இந்தக் கணக்குத்தான் அதன் விதியைத் தீர்மானிக்கின்றது.

வெற்றி பெற்ற குதிரைக்கும் இதிலிருந்து விலக்கில்லை. 1986 இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்ரக்கி டேர்பியை வென்ற ஃபேர்டினான்ட் என்ற குதிரை பின்னர் யப்பானுக்கு விற்கப்பட்டு, 2002 இல் அங்கே இறைச்சிக்கூடத்தில் முடிவெய்தியது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து சுமார் 4,000 முன்னாள் பந்தயக் குதிரைகள் இறைச்சிக்கூடங்களுக்குப் பலியானதாக, 2021 யூலையில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி வெளிப்படுத்திற்று.

ஆயினும் இந்நகருக்கு இன்னொரு மரபும் உண்டு. லண்டன் மாநகரம் குதிரைகளின் முதுகில் இயங்கிய காலத்தில், 1877 இல், அன்னா சுவெல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ வெளிவந்தது. குதிரையே தன் கதையைச் சொல்வதாக அமைந்த நாவல் அது. அதனால் மனம் நெகிழ்ந்த ஆன் லிண்டோ என்ற பெண்மணி, 1886 இல் ஹாரோவுக்கு அருகே சட்பரியில் குதிரைகளுக்கான ஓய்வில்லம் ஒன்றைத் தொடங்கினார். எம்மவர் பலர் இன்று வாழும் வெம்பிளிக்கு அண்மித்த இடம் அது.

வாடகை வண்டி இழுத்துக் களைத்த குதிரைகள் அங்கு ஓய்வுக்காகச் சேர்க்கப்பட்டன. குதிரை ஓய்ந்திருந்தால் வண்டிக்காரன் வீட்டில் உலை எரியாது என்பதையும் அந்த இல்லத்தார் உணர்ந்திருந்தனர். ஆதலால் அவனுடைய குதிரை தேறும்வரை வேறொரு குதிரையை அவனுக்கு இரவலாகக் கொடுத்தனர். வாயில்லாப் பிராணிக்காக ஏழையைத் தண்டிக்கவுமில்லை. ஏழைக்காகப் பிராணியைப் பலியிடவுமில்லை.

அந்த இல்லம் இன்று ‘ஹோர்ஸ் ட்ரஸ்ட்’ என்ற பெயரில் பக்கிங்ஹாம்சயரின் ஸ்பீன் கிராமத்தில் இயங்குகின்றது. 1982 யூலை 20 அன்று ஹைட் பார்க்கில் ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டு வெடித்தபோது நான்கு படையினரும் ஏழு குதிரைகளும் மாண்டனர். முப்பத்துநான்கு காயங்களுடன் உயிர் தப்பிய செஃப்டன் என்ற படைக்குதிரை, 1984 இல் ஓய்வுபெற்று இங்கேதான் வந்து சேர்ந்தது. 1993 இல், தன் முப்பதாவது வயதில் இறந்தது.

படைக்குதிரைக்குக் கிடைத்த இந்த ஓய்வு பந்தயக் குதிரைக்கும் கிடைக்க வேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற நெடுங்காலம் சென்றது. 2000 ஆம் ஆண்டிலே பந்தயத் துறையே முன்வந்து ‘ரீட்ரெயினிங் ஒவ் ரேஸ்ஹோர்ஸஸ்’ என்ற அறநிலையத்தை நிறுவியது. களத்தை விட்டு நீங்கிய குதிரையை வேறு வாழ்க்கைக்குப் பழக்குவதே அதன் பணி.

இது எளிதான காரியமன்று. பந்தயக் குதிரைக்குத் தெரிந்ததெல்லாம் விரைவு ஒன்றே. ஆள் ஏறும்வரை அசையாது நிற்க அது கற்றதில்லை. கூட்டத்தோடு ஓடிப் பழகியதைத் தனி வழியில் விட்டால் மிரளும். ஆகவே முதலில் புல்வெளியில் ஆற விடுகின்றனர். ஊட்டமிகு தீனியைக் குறைக்கின்றனர். பின்னர் மெல்ல நடக்கவும், நிற்கவும், திரும்பவும் கற்பிக்கின்றனர். கற்ற தொழில் பயனற்றுப்போன ஊரில் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதென்றால் என்னவென்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் சற்று அசைந்துள்ளது. இந்நாட்டில் குதிரைக்கும் கடவுச்சீட்டு உண்டு. பிரித்தானியப் பந்தயங்களில் ஓடும் ஒவ்வொரு குதிரையும் மனித உணவுக்குரியதல்ல எனப் பதியப்பட்டிருக்க வேண்டுமென்ற விதி 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் உணவாகாது என்ற பதிவு, ஒரு லாயத்தையும் ஒரு பிடி புல்லையும் தந்துவிடாது.

“மனிதருக்கே புகலிடம் மறுக்கப்படும்போது குதிரைக்குப் புகலிடமா?” என்று உள்துறை அமைச்சின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கலாம். அக்கேள்வியின் கசப்பு நியாயமானதே. ஆனால் குதிரைக்குக் காட்டும் இரக்கத்தைப் பறித்து மனிதருக்குக் கொடுக்கும் வழி எதுவுமில்லை. வண்டிக்காரனையும் குதிரையையும் ஒருசேர நினைத்த சட்பரியின் வழி நம் முன்னே இருக்கின்றது. உழைப்பை வாங்கியவன் ஓய்வையும் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற நியதி, மனிதருக்கும் விலங்குக்கும் ஒன்றே.

இதை எழுதுகையில் எமது நினைவு நெடுந்தீவுக்குச் செல்கின்றது. அந்நியர் ஆட்சியில் அங்கு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை, கேட்பாரற்று இன்றும் அத்தீவின் வெளிகளில் அலைகின்றன. வரட்சிக் காலத்தில் குடிக்க நீரின்றி அவை மடிந்த செய்திகளையும் படித்திருக்கின்றோம். குதிரைகளைப் பயன்படுத்தியவர்கள் கப்பலேறிவிட்டனர். கடன் மட்டும் அங்கேயே நிற்கின்றது. லண்டனில் பந்தயத்தில் தொலையும் பணத்தில் ஒரு சிறு பங்கு அத்தீவின் நீர்த்தொட்டிகளைச் சென்றடையுமாயின், அக்கடனில் கொஞ்சமாவது தீரும்.