இழுத்தால் நீளும், வெட்டினால் சுருளும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். மெஷின் பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டை வாய் பிளந்து கிடக்கும். உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கலர் கலராகக் கந்தல். கையில் எண்ணெய் பட்டால் ஒரு துண்டு, தரையில் கூலன்ட் சிந்தினால் இன்னொரு துண்டு. இதற்குப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'பனியன் வேஸ்ட்'. பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சியதும், போட்டுக் கிழிந்த டீ-ஷர்ட்டுகளும்தான் இப்படி மூட்டையாகி வருகின்றன.

வேட்டிக் கந்தலும் லுங்கிக் கந்தலும் துடைக்க உதவும்தான். ஆனாலும் பனியன் துணிக்குத் தனி மவுசு. ஏன்?

விடை உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. அப்பாவின் கழுத்து தளர்ந்த டீ-ஷர்ட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள் (கேட்காமல் எடுத்தால் பின்விளைவுக்கு நான் பொறுப்பல்ல). இன்று அதை வெட்டி, அக்காவுக்கோ உங்களுக்கோ ஒரு ஹால்டர் டாப் தைப்போம். தோளில் நிற்காமல், கழுத்தின் பின்னால் சுற்றிப் போகும் ஒரே பட்டியில் தொங்குகிற மேல்சட்டை அது. வெல்டிங் வேலை செய்கிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தோல் ஏப்ரனுக்கும் அதே அமைப்புதான். கை வைத்த சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டால் கோடை விடுமுறைக்கு ஜோராக இருக்கும்.

கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு லென்ஸை எடுங்கள். லென்ஸ் இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவில் ஜூம் செய்தாலும் போதும். டீ-ஷர்ட்டின் வெளிப்பக்கத்தில் 'V' எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகத் தெரியும். உள்பக்கத்தைத் திருப்பினால் V ஒன்றுகூட இருக்காது. குட்டி குட்டி அரைவட்டங்கள் குறுக்கே ஓடும். ஒரே துணிக்கு இரண்டு முகம்! இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள், சற்று நேரத்தில் இதுதான் நம்மைப் படுத்தப்போகிறது.

இப்போது ஒரு லுங்கியைப் பாருங்கள். அதில் V கிடையாது. நீளவாட்டில் போகும் நூல் பாவு, குறுக்கே போகும் நூல் ஊடை. ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக மாறி மாறிப் போகின்றன. லுங்கியின் கட்டங்களே இதற்குச் சாட்சி: கலர் பாவும் கலர் ஊடையும் குறுக்கிடும் இடத்தில்தான் கட்டம் விழுகிறது. இது நெசவு. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனால் இன்றும் தறிச் சத்தம் கேட்கும். கிழக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதே முக்கியமாகத் துணி வியாபாரத்துக்காகத்தான். இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணியெல்லாம் நெய்த துணி.

டீ-ஷர்ட் நெய்ததில்லை, பின்னியது. நூலை வளைத்து ஒரு கண்ணி, அந்தக் கண்ணிக்குள் நுழைத்து அடுத்த கண்ணி, அதற்குள் இன்னொன்று என்று போகும்.

ஒரு சோதனை செய்வோம். டீ-ஷர்ட்டின் மேல் குறுக்குவாட்டில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான டீ-ஷர்ட்டில் 15 சென்டிமீட்டர் பக்கம் சுலபமாகப் போகும். நீளவாட்டில் அவ்வளவு போகாது. லுங்கியில் பாவு நெடுகிலும் இழுங்கள், ஊடை நெடுகிலும் இழுங்கள், ஏறக்குறைய 10லேயே நிற்கும்.

டீ-ஷர்ட் நூல் ரப்பரா? இல்லை. பருத்தி இழையைத் தனியாக எடுத்து இழுத்தால், நூற்றுக்குப் பத்துப் பங்கு நீளுவதற்குள் அறுந்துவிடும். அப்படியானால் இந்த ஐந்து சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? கையை மடக்கி மார்பில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீட்டுங்கள். எலும்பு ஒரு மில்லிமீட்டர்கூட நீளவில்லை, ஆனால் விரல் எவ்வளவு தூரம் போய்விட்டது! வளைந்த கண்ணி நேராகும்போதும் அதுதான் நடக்கிறது. நூல் நீளவில்லை, அதன் வளைவு நிமிர்கிறது.

இதற்கு நேர் எதிரான வேலை கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய்கண்டிகையில் நடக்கிறது. அங்கே மிச்செலின் நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. டயர் என்றால் வெறும் ரப்பர் என்று நினைத்துக்கொள்கிறோம். லாரி டயருக்குள் எஃகுக் கம்பி இழைகள் ஒளிந்திருக்கும். கார் டயர் என்றால் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழைகளும் இருக்கும். காற்றடித்த டயர் உப்பிக்கொண்டே போகாமல் இழுத்துப் பிடிப்பவை அவைதான். அதனால் அந்த இழைகளை வளைக்காமல் நேராகக் கிடத்துகிறார்கள். நீங்கள் கிரிக்கெட் ஆடப் போடும் ஜெர்ஸியும் பாலியெஸ்டர்தான்! ஜெர்ஸியில் அது கண்ணியாக வளைந்து கிடப்பதால் நீள்கிறது, டயரில் நேராகக் கிடப்பதால் நீளவில்லை.

கண்ணி போடும் வேலையை மெஷினிடம் முதலில் கொடுத்தவர் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஆண்டு 1589. அவருடைய மெஷின் காலுறைக்கான துணியைத் தட்டையாகப் பின்னியது. 1849இல் மேத்யூ டவுன்சென்ட் என்பவர் கொக்கிக்குத் தாழ்ப்பாள் வைத்த ஊசியைக் கண்டுபிடித்த பிறகு வேலை இன்னும் எளிதாயிற்று. இன்று திருப்பூரில் துணி பின்னும் மெஷின்கள் வட்டமானவை. ஊசிகள் வட்டமாக நிற்க, துணி குழாயாகக் கீழே இறங்கும்.

கணக்குப் பிடித்தவர்கள் இதைப் போட்டுப் பாருங்கள். வட்டத்தின் விட்டம் 24 அங்குலம், அங்குலத்துக்கு 24 ஊசி. சுற்றளவு 24 × 3.14, அதாவது 75 அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஊசிகள் சுமார் 1,800. இப்படிப்பட்ட மெஷினில் ஒரே நேரத்தில் 72 இடங்களில் நூல் ஊட்டுவதுண்டு. அப்படியென்றால் மெஷின் ஒரு முறை சுற்றி வருவதற்குள் விழும் கண்ணிகள் 1,800 × 72. ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்தைத் தாண்டுகிறது!

தாத்தா போடும் கை வைக்காத பனியனின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். பெரும்பாலும் பக்கத் தையல் இருக்காது. குழாயாகப் பின்னியதை அப்படியே வெட்டித் தைத்திருப்பார்கள்.

பக்கத் தையல் உள்ள டீ-ஷர்ட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. பலமுறை துவைத்த டீ-ஷர்ட்டை விரித்துப் போட்டால், இடுப்புப் பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் கோணிக்கொண்டு போயிருக்கும். டெய்லரைத் திட்ட வேண்டாம். நூற்கும்போது நூலில் ஏற்றிய முறுக்கு, தண்ணீர் பட்டதும் தளரப் பார்க்கிறது. அந்த அவசரத்தில் கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. ஆகவே வெட்டுவதற்குக் கோடு போடும்போது தையலை நம்பாதீர்கள். V வரிசை எந்தப் பக்கம் போகிறதோ, அதுதான் உங்கள் நேர்கோடு.

சரி, வேலைக்கு வருவோம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். டீ-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தரையில் விரியுங்கள். முதுகுப் பாகத்தில் அக்குளுக்கு நேராக, குறுக்கே ஒரு கோடு. முன்பாகத்தில் அக்குளிலிருந்து கழுத்து ஓரம் வரை இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொரு கோடு. கோட்டின்மேல் வெட்டினால் இரண்டு கையும் தனியாக வந்துவிடும். கழுத்துப் பட்டியையும் வெட்டி எடுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

வெட்டி முடித்ததும் துணி சேட்டையை ஆரம்பிக்கும். முதுகின் மேல் ஓரம் V தெரியும் வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். நீளவாட்டில் வெட்டிய துண்டு இருந்தால் அதைப் பாருங்கள், அது உள்பக்கமாகச் சுருளும்! எல்லாம் அந்த இரண்டு முகத்தால் வந்தது. நூலுக்கு வளைந்து கிடப்பதில் இஷ்டமில்லை, நிமிரத்தான் பார்க்கும். துணியின் ஒரு முகத்தில் கண்ணியின் கால்கள், மறு முகத்தில் வளைவுகள். இரண்டு முகமும் வேறு வேறு திசையில் தள்ளுவதால், பிடித்து நிறுத்த ஆளில்லாத ஓரம் சுருள்கிறது. வெட்டி எடுத்த கழுத்துப் பட்டியைப் பாருங்கள், அது சுருளாது. அதில் ஒரு வரிசை இந்தப் பக்கம், அடுத்த வரிசை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் பின்னியிருப்பதால் தள்ளுமுள்ளு சமமாகிவிடுகிறது.

ஓரம் சுருண்டாலும் பிசிறு விடுவதில்லை, கவனித்தீர்களா? லுங்கியை வெட்டினால் ஓரத்து நூல் வரிசையாகக் கழன்று வந்துகொண்டே இருக்கும். டீ-ஷர்ட்டில் ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அவ்வளவு எளிதில் விடாது. மடித்துத் தைக்காமல் விட்டாலும் பாதகமில்லை.

முன்பாகத்தின் மேல் விளிம்பை மட்டும் மூன்று சென்டிமீட்டர் மடித்துத் தையுங்கள், பாவாடையில் நாடா கோர்க்க விடுவோமே, அந்த மாதிரி. தையல் நூல் நீளாது, துணி நீளும். இறுக்கமாக நேர்த்தையல் போட்டால், தலை வழியே மாட்டும்போது 'டப்' என்று நூல் அறும். துணியைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டு வளைந்து நெளிந்து தையுங்கள். பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், ஃபிளாட்லாக் என்று தனி மெஷின்கள் வைத்திருப்பதும் இதற்காகத்தான். அவை தையல் நூலையும் கண்ணியாகவே போடும், துணியோடு சேர்ந்து அதுவும் நீளும்.

அடுத்தது கழுத்தைச் சுற்றி மாட்டும் பட்டி. டீ-ஷர்ட்டின் உடம்பிலிருந்து குறுக்கே ஒரு நாடா வெட்டி இழுத்துவிட்டால் சுருண்டு அழகான கயிறாகும். பலரும் அதைத்தான் கோர்ப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சட்டையின் எடை முழுவதையும் கழுத்தின் பின்புறம்தான் தாங்க வேண்டும். அதே எடை அகலமான பட்டியில் பரவினால் அழுத்தம் குறைவு, ஒல்லிக் கயிற்றில் விழுந்தால் அதிகம். மெல்லிய வார் வைத்த ஸ்கூல் பை தோளை அறுப்பது இதனால்தான். சட்டையின் அடி மடிப்பைத் தையலோடு சேர்த்து வெட்டி எடுங்கள். இரண்டு மடிப்பாகத் தைத்திருப்பதால் சுருளாது, தட்டையாக இருக்கும். ஊக்கில் மாட்டிக் கோர்த்து, இரண்டு முனையையும் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது.

ஆனால் ஒன்று. சின்னக் குழந்தைகளுக்கு முடிச்சுப் போடும் பட்டி கூடவே கூடாது. தொங்கும் முனை கதவிலோ, சறுக்குமரத்திலோ, சைக்கிள் சக்கரத்திலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். ஐரோப்பாவில் இதற்கென்றே 2004இல் ஈ.என். 14682 என்ற தரவிதி வந்தது. சிறு குழந்தைகளின் உடையில் கழுத்துப் பக்கம் தொங்கும் நாடா முனைகள் இருக்கக் கூடாது என்கிறது அது. தங்கைக்குத் தைப்பதானால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து, தலை தாராளமாக நுழையும்படி வைத்துவிடுங்கள். பெரியவர்களும் சைக்கிளிலோ பைக்கிலோ போகும்போது முனையைத் தொங்கவிடாதீர்கள்.

மிச்சம் விழுந்த இரண்டு கையும் துண்டுகளும்? இப்போது பட்டறை மூட்டைக்குத் திரும்பலாம். கண்ணிகளுக்கு நடுவிலும் நூலின் இழைகளுக்கு நடுவிலும் நிறைய இடைவெளி. நுண்ணிய சந்துகளில் திரவம் தானே ஏறிக்கொள்ளும், இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். பருத்திக்குத் தண்ணீர் மீது தனிப் பிரியம் வேறு. துவைத்துத் துவைத்துப் பழசான துணி புதுத் துணியைவிட நன்றாக உறிஞ்சும், ஏனென்றால் மெருகுக்காகக் கம்பெனியில் பூசியவை எல்லாம் போயிருக்கும். துணி மெத்தென்று இருப்பதால் மினுக்கிய இரும்பில் கீறல் விழாது. பிசிறும் நீள நூலாகக் கழன்று வராது. அந்த மவுசுக்கு இவ்வளவும் காரணம். (ஓடுகிற மெஷினை எந்தத் துணியாலும் துடைக்கக் கூடாது, இது பட்டறையின் முதல் பாடம்.) உங்கள் வீட்டு மிச்சத்தை சைக்கிள் செயின் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தையும் வீணாக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பருத்தி டீ-ஷர்ட்டுக்காகச் செலவாகும் தண்ணீர் சுமார் 2,700 லிட்டர் என்பது உலக இயற்கை நிதியத்தின் மதிப்பீடு. பெரும்பகுதி பருத்திச் செடி குடித்தது, சாயம் போடவும் கொஞ்சம். அந்தச் சாயத் தண்ணீர் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால்தான் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் உள்ள துணிகளை லென்ஸில் பார்த்து, எது நெசவு, எது பின்னல் என்று பிரியுங்கள். காலுறை, ஸ்கூல் சட்டை, துண்டு, கைக்குட்டை எல்லாம் வரட்டும். ஜீன்ஸ் உங்களைக் குழப்பும். நெய்த துணிதான், ஆனால் சிலது இழுபடும். லேபிளைப் படியுங்கள், எலாஸ்டேன் என்று போட்டிருக்கும். 1958இல் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த இழை அது. அந்த ஒரு நூல் மட்டும் வளைவை நம்பாமல் தானே நீளும்.