குற்ற வீதமும் முறையிடப்படாத குற்றங்களும்: கனடிய அளவீட்டு முறைகள்

ஒரு சமூகத்தில் நிகழும் குற்றம் மூன்று படிகளைக் கடந்த பின்னரே எண்ணாகின்றது. பாதிக்கப்பட்டவர் அதனைக் குற்றமென உணரல் வேண்டும். காவல்துறையிடம் முறையிடல் வேண்டும். காவல்துறை அதனைப் பதிவு செய்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் அக்குற்றம் கணக்கில் இடம்பெறாது. தமிழர் பெருந்தொகையினராக வாழும் கனடாவின் அளவீட்டு முறைகள் இதனை நன்கு விளக்குகின்றன.

கனடாவில் 1962 முதல் காவல்துறைப் பதிவுகள் நாடளாவிய ஒரே முறையில் திரட்டப்படுகின்றன. பதிவான குற்றங்கள் நூறாயிரம் பேருக்கு எத்தனை என்பதே குற்ற வீதம். இதில் சிறு களவும் கொலையும் சமமாகவே எண்ணப்படுகின்றன. ஆகவே, கொடுங்குற்றங்கள் கூடிய ஆண்டிலும், களவுகள் குறைந்தால் வீதம் இறங்கக்கூடும். இக்குறையை ஈடுசெய்ய 2009இல் குற்றக் கடுமைச் சுட்டெண் அறிமுகமானது. ஒவ்வொரு குற்றவகைக்கும் நீதிமன்றங்கள் எத்தனை பேரைச் சிறைக்கு அனுப்புகின்றன, எவ்வளவு காலத்திற்கு அனுப்புகின்றன என்பவற்றைக் கொண்டு அதன் நிறை கணிக்கப்படுகின்றது. 2006ஆம் ஆண்டின் அளவு 100 எனக் கொள்ளப்படுகின்றது.

எனினும், பதிவாகாத குற்றத்திற்கு எந்நிறையும் இல்லை. ஆதலால், குற்றத்துக்கு உள்ளானோரா என மக்களையே வினவும் கணக்கெடுப்பு ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படுகின்றது. 2019இல் மக்கள் தெரிவித்த நிகழ்வுகளுள் காவல்துறையை எட்டியவை நூற்றுக்கு 29 மட்டுமே. பாலியல் வன்தாக்குதல்களில் அது நூற்றுக்கு 6 மட்டுமே.

முறையிடப்பட்டவையும் முழுமையாக எண்ணப்பட்டனவல்ல. பாலியல் வன்தாக்குதல் முறைப்பாடுகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைக் காவல்துறை ஆதாரமற்றதென ஒதுக்கியமையை 2017இல் ‘குளோப் அண்ட் மெயில்’ நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. 2018இல் விதி திருத்தப்பட்டது: குற்றம் நிகழவில்லை என்பதற்கு நம்பத்தகு சான்று இல்லாவிடின், அது நிகழ்ந்ததாகவே பதியப்படல் வேண்டும். இத்தகைய திருத்தத்தின் பின் எண் உயர்ந்தால், குற்றம் பெருகியது என்று மட்டும் அதற்குப் பொருள்கொள்ளல் பொருந்தாது.

மக்களை வினவும் கணக்கெடுப்புக்கும் எல்லையுண்டு. அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மொழியிலுமே நடைபெறுகின்றது. தமிழ் மட்டுமே பேசும் முதியவரோ, புதிதாக வந்து வீட்டுவன்முறைக்கு உள்ளாகும் பெண்ணோ அதில் விடையளிக்க இயலாது. கணவரின் குடியுரிமை நிலைக்கு அஞ்சியும் குடும்ப மானம் கருதியும் அப்பெண் காவல்துறையை நாடாவிடின், இரு கணக்குகளிலும் அவள் இல்லை. புகலிடங்களும் மொழிபெயர்ப்பாளர் சேவைகளும் எண்களைச் சான்றாகக் காட்டியே கோரப்படுவதால், இவ்விடுபடல் அவளுக்குரிய உதவியையும் குறைக்கக்கூடும். ஒரு சமூகத்தின் குறைந்த குற்ற எண்ணை அதன் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளுமுன், யாரிடம், எம்மொழியில் வினவப்பட்டது என ஆராய்தல் இன்றியமையாதது.